எடை அறையில் எழுதிய பரீட்சை

மாப்ளே,

நம்முடைய லேப்டாப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்கள் என்று தெரிந்தால் நீ முதலில் என்னைத்தான் திட்டுவாய். வேறு வழியில்லை. திறந்த கொஞ்ச நேரத்திலேயே தோசைக்கல் மாதிரி கொதித்து, இரைச்சல் போட்டு, தானாக அணைந்துகொண்டிருந்தது. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பழுது பார்க்கிற தம்பியிடம் கொண்டுபோனேன். அவன் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னக் காற்றாடியின் மேல் காற்று மெஷினை வைத்து ஓர் ஊது ஊதினான். கடை முழுக்க ஏலக்காய் வாசம்.

மேஜையில் கொட்டிய தூசியைப் பார்த்தேன். காய்ந்த காம்பு, தோல் துணுக்கு, பச்சையும் பழுப்புமாய்ப் பொடி. "என்னண்ணே, லேப்டாப்ப ஏலக்கா மூட்டைக்குள்ளயா வச்சிருந்தீங்க?" என்று தம்பி சிரித்தான். மூட்டைக்கு மேலேதான் என்று சொல்ல வாய் வந்தது. வெளியே வந்து டீ சொல்லிவிட்டு, குடிக்காமல் நின்றேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் அழவில்லை, தெரியுமா? ஆட்களை ஏற்றணும், பூ வாங்கணும், உன் மாமனார் வீட்டாரைக் கூட்டி வரணும் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பிடித் தூசிக்கு அழுதேன், டீக்கடையில், நாலு பேர் பார்க்க. போதுமா உனக்கு?

அந்தத் தூசி போனதும் பெட்டி நன்றாக ஓடுகிறது. அதில்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜீப்புக்காரன், நீ ஸ்டோர்காரன். வெளியூரில் ஸ்டோர் என்றால் மளிகைக் கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் தேனியில் ஒரு கம்பெனியில் பேசும்போதுகூட நான் விளக்க வேண்டியிருந்தது. பறித்த பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே ஓடுகிற இரும்புக் குழாய்களில் விறகுத் தீயின் சூட்டை விட்டுக் காயவைக்கிற கட்டடம் சார், அங்கே என் கூட்டாளி தீ பார்க்கிறவன் என்றேன். பார்க்கிறவன் என்றுதான் வாயில் வந்தது. திருத்தவில்லை.

தினமும் விடியலில் சிலமலையில் கிளம்பி, ராசிங்காபுரத்தில் காயெடுக்கப் போகிற பெண்களை ஏற்றி, மாநில எல்லையான மலை மெட்டு தாண்டி உங்கள் எஸ்டேட்டில் இறக்கிவிட்டால், சாயங்காலம் அவர்களைத் திரும்ப ஏற்றுகிற வரைக்கும் எனக்கு ஒரு சோலியும் கிடையாது. மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். நான் உன் ஸ்டோர் வாசலில் வந்து உட்காருவேன். நீ எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பாதித் தமிழ், பாதி மலையாளம். எது நடந்தாலும் "சாரமில்ல மாப்ளே" என்பாய். டயர் வெடித்தால் சாரமில்லை. முதலாளி கத்தினால் சாரமில்லை. பரவாயில்லை என்று சொல்வதற்கு இத்தனை இடம் ஒரு மனுஷனுக்கு இருக்கும் என்று உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த வார்த்தையை நீ சொல்லாத ஒரே நாள், போடியில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாள். ரொம்ப நாளாகவே உனக்கு இழுப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவாய். அன்றைக்கு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டுகிற வரைக்கும் நீ வாயைத் திறக்கவில்லை.

"என்னப்பு சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பொகைய விட்டு வெளிய வரச் சொல்றாரு. வராட்டி நெஞ்சு தாங்காதாம்."

"வந்துரு. வேற வேலையா இல்ல?"

"எனக்கு என்ன மாப்ளே தெரியும்? தீயப் பாக்கத் தெரியும். மேடு ஏற முடியாது, லோடு தூக்க முடியாது. உக்காந்து செய்யுற வேலையா இருக்கணும்."

அந்த வேலையை நீயே கண்டுபிடித்துக்கொண்டு வந்தாய். தேனியில் ஒரு சின்னக் கம்பெனி. வெப்சைட்டுகளுக்குப் பின்னால் சர்வரில் ஓடுகிற புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவர்கள். பட்டம் வேண்டாம், டெவலப்பர் சான்றிதழ் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டு வா, எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். உன் கண்ணில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் பயமாக இருந்தது. நீ ப்ளஸ் டூவோடு நின்றவன். நான் பி.சி.ஏ. முடித்துவிட்டு ஸ்டீயரிங் பிடித்தவன்.

"நீ படிச்சதுதான மாப்ளே, சொல்லிக் கொடு."

"நான் படிச்சது காலேஜ் பரீட்சையோட போச்சு. இப்ப கேட்டா எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் தெரியாதவன்தான். சேந்து படிப்போம்."

ஸ்டோரில் எடை போடுகிற அறைதான் நம் பள்ளிக்கூடம். அந்த வட்டாரத்திலேயே கேபிள் வழியாக நெட் வருகிற அறை அது ஒன்றுதான், ஏல விலை பார்ப்பதற்காக முதலாளி போட்டு வைத்தது. கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓடும். தேனியில் பழசாக வாங்கிய லேப்டாப்பைக் காய் மூட்டைமேல் வைத்து, நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் அடுப்பில் விறகு தள்ளிவிட்டு, இருமிக்கொண்டே திரும்பி வருவாய். உன் கைக்கரி கீபோர்டில் எல்லா எழுத்திலும் ஒட்டிக் கிடந்தது.

தமிழில் கிடைத்த வீடியோ எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, மலையாள வீடியோவுக்குப் போனோம். வீடியோவில் பேசுகிறவர் ஒரு வரி சொல்ல, நீ நிறுத்தி எனக்குச் சொல்ல, நான் அதை இங்கிலீஷ் புத்தகத்தில் தேடிச் சரிபார்க்க, ஒரு பக்கம் நகர ஒரு காலைப்பொழுது ஆகும். முதன்முதலாக நாம் எழுதிய புரோகிராம் ஓடி, ப்ரவுசரில் "வணக்கம்" என்று ஒற்றை வார்த்தை வந்தது நினைவிருக்கிறதா? அதைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இதுக்காடா இந்தக் குதி குதிக்கிற?"

"நான் கேட்டேன், அது பதில் சொல்லுச்சுல்ல! நீ கீழ ஹாரன் அடிச்சா நான் கேட்டைத் தொறக்குறேன்ல, அதான் இது. கேக்குறவன் ப்ரவுசரு. தொறக்குறவன் சர்வரு. நான் சர்வருக்கு வேல பாக்கப் போறேன் மாப்ளே!"

எனக்கு மண்டையில் ஏறாமல் நின்றது செஷன் என்கிற சமாசாரம். லாகின் பண்ணி உள்ளே வந்த ஆளை அடுத்த பக்கத்துக்குப் போகும்போது சர்வர் ஏன் மறுபடி அடையாளம் கேட்கிறது என்று நான் சண்டை போட்டேன். இப்பத்தானடா பார்த்தது, அதற்குள் மறந்துபோகுமா?

"சர்வருக்கு ஞாபகமே கெடையாது மாப்ளே. ஒவ்வொரு தடவயும் புதுசாத்தான் பாக்கும். அதனாலதான் நம்ம கையில ஒரு சீட்டக் குடுத்து விடுது. போறப்பல்லாம் அதக் காட்டணும்."

"இது என்னடா, மெட்டு செக்போஸ்ட்டு மாதிரில்ல இருக்கு" என்றேன். அங்கே நிற்கிற ஒருவர் வருஷக்கணக்காய் என் மூஞ்சியைப் பார்க்கிறார், தினமும் ஜீப்பை நிறுத்தி "எங்க போறீங்க?" என்று கேட்கிறார். நீ சிரித்த சிரிப்பில் உனக்கு மூச்சு முட்டிவிட்டது. அதற்கப்புறம் செஷன் பற்றிய கேள்வி எது வந்தாலும் நமக்கு அது செக்போஸ்ட்டுக் கேள்வி.

பரீட்சைக்குப் பழகுவதற்கு, சொந்தமாக ஒரு வெப்சைட் கட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் கட்டுகிற மாதிரி புத்தகக் கடையோ ஓட்டலோ வேண்டாம், நம் ஜீப்புக்கே கட்டுவோம் என்றாய். நாளைக்குக் காயெடுக்க யார் யார் வருகிறார்கள் என்று பெண்கள் ராத்திரிக்குள் போனில் பதிந்துவிட வேண்டும், காலையில் நான் பார்த்து வண்டி எடுக்க வேண்டும். நல்ல யோசனைதான். டேட்டாபேஸில் ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து பிரித்துக் காட்ட ஏதாவது ஒன்று வேண்டுமே. பேரையும் ஊரையும் சேர்த்து வைத்தோம். ஒரே ஊரில் ஒரே பேரில் இரண்டு பேர் வந்தால் புதுசு பழசை அழித்துக்கொள்ளும்படி எழுதினோம். நாமெல்லாம் படித்தவர்கள் பார்.

மறுநாள் போனில் பார்க்கிறேன், ராசிங்காபுரத்தில் ஒரே ஓர் ஆள். பேச்சியம்மாள். சரி, மற்றவர்களுக்கு வீட்டில் சோலி போலிருக்கிறது என்று கிளம்பும்போதே சிலமலை ஆட்களாகவே வண்டியை நிறைத்துக்கொண்டு போனேன். அங்கே போய்ப் பார்த்தால் தூக்குவாளியும் கையுமாக ஒரு கூட்டமே நிற்கிறது. அத்தனையும் பேச்சியம்மாள்!

"ஏண்ணே, நாங்க பதிஞ்சோம்ல? போன்ல சரின்னு காட்டுச்சே!" என்று கிணற்றடி வீட்டுப் பேச்சி கேட்டாள். எல்லாருக்கும் சரி என்று காட்டிவிட்டு, ஒவ்வொருத்தியாக அழித்துக்கொண்டே போயிருக்கிறது நம் சர்வர். மடிமேல் மடியாய் உட்காரவைத்தும் பாதிப் பேரை ஏற்ற முடியவில்லை. நின்றவர்கள் என்னை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

ஸ்டோருக்கு வந்து உன்மேல் பாய்ந்தேன். ஆளுக்கு ஒரு நம்பர் போட்டுத் தொலை என்றேன். நீ மாட்டேன் என்றாய். "நம்பரப் போட்டா எந்தப் பேச்சின்னு உனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு பேச்சி வரலன்னா அவளுக்கு என்னாச்சுன்னு கேக்க வேண்டாமா?" அன்று முழுக்க அதே சண்டை. கடைசியில் நீயே ஒரு வழி சொன்னாய். "நம்பரு சர்வருக்கு. பேரு நமக்கு." உள்ளே ஆளுக்கு ஒரு நம்பர், வெளியே ஊரில் கூப்பிடுகிற பேர். கெணத்துப் பேச்சி, பல்லுப் பேச்சி, மேலத்தெருப் பேச்சி. அதற்கப்புறம் ஒரு பேச்சியும் காணாமல் போகவில்லை. இல்லாத பக்கத்துக்கு யாராவது போய்விட்டால் வருகிற எரர் அறிவிப்பையும் நீதான் எழுதினாய்: "சாரமில்ல. திரும்பப் போய் இன்னொரு தடவ பாருங்க." இன்றைக்கும் அதுதான் வருகிறது. போன மழையில் பல்லுப் பேச்சி தப்பாக எதையோ அழுத்திவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள். "உங்க கூட்டாளி பேசுறாருண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்குத் தேதி வந்தது. முதலில் நீ, அப்புறம் நான். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் சட்டதிட்டம் கடுமை. கதவு சாத்திய அறை, உள்ளே வேறு ஆள் கூடாது, பேச்சுக்குரல் கேட்கக் கூடாது. முடிகிற வரைக்கும் கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நாற்காலியை விட்டு எழுந்தால் அத்தோடு பரீட்சை ரத்து. உன் லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? அதனால் எடை அறையையே பிடித்தோம். அன்றைக்கு ஸ்டோரில் லோடு இருக்காது, தீ மூட்ட வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாய்.

கணக்கை மழை கெடுத்தது. விடாமல் பெய்து, காயெடுக்க முடியாமல் கிடந்து, உன் பரீட்சைக்கு முதல் நாள் வெயில் அடித்தது. எல்லாரும் காட்டுக்குள் இறங்கிப் பறித்துக் குவித்துவிட்டார்கள். போதாததற்குப் பக்கத்துத் தோட்டத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறவர்களும் பச்சைக்காயைக் கொண்டுவந்து உன் காலடியில் இறக்கினார்கள். தேதியை மாற்ற நேரம் இல்லை. விறகை நிறையத் தள்ளி, முடிகிற வரைக்கும் தீ தாங்கும் என்று நினைத்தாய். எதற்கும் இருக்கட்டும் என்று நான் அடுப்புக்குக் காவல் இருப்பதாகச் சொன்னேன். நீ உட்காரப் போகிற நேரம் பார்த்துக் கெணத்துப் பேச்சி சரிவில் வழுக்கி விழுந்து காலைத் திருப்பிக்கொண்டாள். ஓடிவந்து சொன்னார்கள். "நீ வெரசாப் போ மாப்ளே, பூப்பாறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. இங்க ஒண்ணும் ஆவாது" என்று என்னைத் தள்ளிவிட்டவனே நீதான். தங்கச்சி, உன் வீட்டுக்காரி, மேல்காட்டில் பறிப்பில் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது எடை அறைக் கதவு திறந்து கிடந்தது. நீ அடுப்பு வாய்க்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாய், முகமெல்லாம் கரி.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சு விட்டுட்டாங்க மாப்ளே."

"என்னடா சொல்ற?"

"எந்திரிச்சுட்டேன்."

"எதுக்கு?"

"தீ எறங்கிருச்சு. மழையில நனைஞ்ச வெறகு. வாசம் மாறுச்சு பாரு, ஒக்கார முடியல."

"மாறுனா மாறிட்டுப் போகட்டும்டா! யாரு வீட்டுக் காயி? உன் காயா?"

"சூடு கொறஞ்சா வெளுத்துரும் மாப்ளே. வருசம் பூரா பாத்த காயி. வெளுத்தத யாரு வாங்குவா?"

"உன் நெஞ்சு?"

"சாரமில்ல."

உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். நிஜமாகவே ஓங்கினேன். பாதிக்கு மேல் எழுதி முடித்திருந்தாய், எழுதினதெல்லாம் சரி என்று எனக்குத் தெரியும், மாதிரித் தேர்வில் என்னைவிட எப்போதும் நீதான் முன்னால். இன்னும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் புகையை விட்டு வெளியே வந்திருப்பாய். எந்தப் புகை உன்னைத் தின்றுகொண்டிருந்ததோ அதற்கே விறகு தள்ள எழுந்தாயே, பாவி. இந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. உன்னை எரித்துவிட்டு வந்த பிறகும் இருந்தது.

காய் வெளுக்கவில்லை. பச்சை மாறாமல் காய்ந்தது. அதை அள்ளிக் கையில் வைத்துக் காட்டினாய். நான் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி எழுத ஒரு தேதி வாங்கினோம். இந்தத் தடவை நான் எங்கேயும் நகர மாட்டேன், அடுப்பு என் பொறுப்பு என்று சத்தியம் பண்ணினேன். நீ எனக்குத் தீ பார்க்கப் பழக்கினாய். காய் சரியாகக் காய்கிறபோது வருகிற வாசம் எது, சூடு இறங்கினால் ஈரச்சாக்கு மாதிரி எழும்புகிற வாடை எது என்று என்னை மோந்து மோந்து பார்க்க வைத்தாய். "நீ சர்வரக்கூடக் கத்துக்கிட்ட, இதக் கத்துக்க மாட்டேங்கிறியே" என்று கேலி வேறு. உள்ளே இருக்கிற உனக்கு வெளியே தீ நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பேசினால் ரத்து. கம்பியால் அடுப்பின் இரும்புக் கதவைத் தட்டுகிறேன் என்றேன். தட்டினால், நான் இருக்கிறேன், நீ எந்திரிக்காதே என்று அர்த்தம்.

ஒத்திகை கூடப் பார்த்தோம். நீ எடை அறையில் மாதிரித் தேர்வு எழுத, நான் வெளியே விறகைத் தள்ளிவிட்டுக் கம்பியால் ஓங்கி அடிக்க, "மெல்ல மாப்ளே! கேமராக்காரரு பயந்துருவாரு!" என்று உள்ளேயிருந்து கத்தினாய்.

அந்தத் தேதி வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல் என்றார்கள், பிறகு நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். தேனி பெரியாஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோனது என் ஜீப்பில்தான். தங்கச்சி பின்னால் உட்கார்ந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூச்சுக்கு மூச்சு உன் நெஞ்சு ஏறி இறங்கியது.

"கேள்வி கேளு மாப்ளே" என்றாய்.

"சும்மா இருடா."

"கேளுன்னா. பரீட்ச வருதுல்ல."

"செஷன்னா என்ன?"

"அது... செக்போஸ்ட்டு." சிரிக்கப் பார்த்தாய். இருமல் வந்துவிட்டது. "சர்வருக்கு ஞாபகம் இருக்காது. நாமதான்... சீட்டக் காட்டணும்."

மெட்டு செக்போஸ்ட்டில் அந்த மனுஷர் நின்றுகொண்டிருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் உன்னைப் பார்த்தார், பின்னால் தங்கச்சியைப் பார்த்தார். ஒன்றுமே கேட்காமல் தடுப்பைத் தூக்கிவிட்டார். நீ அதைக் கவனித்தாய். என் தொடையில் லேசாகத் தட்டிக் காட்டினாய். மலை இறங்கியதும் தூங்கிப்போனாய். ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு உன்னோடு பேச எனக்கு வாய்க்கவில்லை.

லேப்டாப்பைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். ஜீப்பு ஓட்டினேன். ஸ்டோர் வாசலில் உட்காருவதை விட்டுவிட்டேன். சீட்டாட்டக்காரர்களோடு போய் உட்கார்ந்தேன், அவர்களும் பாவம், நகர்ந்து இடம் கொடுத்தார்கள். முதலாளி உன் காரியம் முடிந்த கையோடு அடுப்பு வாயைக் கட்டடத்துக்கு வெளிப்பக்கம், எடை அறைச் சுவரை ஒட்டி மாற்றி, உயரமாகப் புகைபோக்கியும் கட்டினார். இப்போது புகை யார் மூஞ்சியிலும் அடிப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கத் தோன்றுகிறது. இவ்வளவுதானா வேலை? இதைக் கொஞ்சம் முந்திச் செய்திருக்கக் கூடாதா?

பரணிலிருந்து லேப்டாப்பை எடுக்க வைத்தது தங்கச்சிதான். இப்போது அந்த வெளி அடுப்பைப் பார்த்துக்கொள்வது அது. ஒரு நாள் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றது.

"நீ எப்பண்ணே எழுதப் போற?"

"எதுக்கு ஆத்தா? அவனே போயிட்டான்."

"அவுக போனா, படிச்சதும் போச்சா? உங்க ரெண்டு பேரு சத்தத்தயும் தெனம் கேட்டவ நான். பாதி எனக்கே பாடம். நீ எழுது. தீயப் பத்திக் கவலப்படாத."

உன் வீட்டுக்காரிக்கு முன்னால் என் வாய் எடுபடுமா? தேதி வாங்கினேன். லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொண்டுபோனேன். அந்தத் தூசிக் கதையைத்தான் மேலே சொன்னேன்.

போன மாதக் கடைசியில் எடை அறையில் உட்கார்ந்தேன். என் வீட்டில் பிள்ளைகள், கோயில் மைக்கு, கரண்டுத் தொல்லை. அங்கே எழுத முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னால், என் வீடு அரண்மனையாக இருந்தாலும் எடை அறைக்குத்தான் வந்திருப்பேன். ஸ்டோரில் லோடு இருந்தது. கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டினேன். உன் கைக்கரி பட்ட சுவரையும் காட்டினேன். பார்க்கிறவருக்கு என்ன தெரியப்போகிறது.

முதலில் கை ஓடவில்லை. அப்புறம் செக்போஸ்ட்டுக் கேள்வி வந்தது மாப்ளே. பின்னாலேயே பேச்சிக் கேள்வியும் வந்தது. ஒரே பேரில் நிறையப் பேர் இருக்கிற டேட்டாபேஸில் ஒருவரை மற்றவரிடமிருந்து எதை வைத்துப் பிரிப்பாய் என்று கேட்டிருந்தார்கள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தனியாகச் சிரித்தால் கேமராக்காரர் என்ன நினைப்பார்? உதட்டைக் கடித்துக்கொண்டு விடையைத் தட்டினேன்.

பாதி தாண்டியிருப்பேன். வாசம் மாறியது.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது, மனசுக்குத் தெரியவில்லை. ஏலக்காயின் காரம் மங்கி, ஈரச்சாக்கு வாடை மெல்ல எழும்பியது. தீ இறங்குகிறது. தட்டு தட்டாக அத்தனை காய். என் கை கீபோர்டிலிருந்து தானாக எடுபட்டது. கால் தரையில் ஊன்றியது. நாற்காலி பின்னால் நகர்ந்து கிறீச்சிட்டது. பரீட்சை, கம்பெனி, சட்டதிட்டம், எதுவும் அந்த நொடியில் எனக்கு ஞாபகம் இல்லை. காய் வெளுத்துவிடும். அது ஒன்றுதான் தெரிந்தது.

வெளியே இரும்புக் கதவில் கம்பி தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, பதறாமல், திரும்பத் திரும்ப. பிறகு விறகு விழுகிற சத்தம்.

எழாமல் உட்கார்ந்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு கேள்வியே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் காரம் திரும்பி வந்தது, நானும் திரும்பி வந்தேன். கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதினேன்.

முடிவு திரையிலேயே வந்துவிட்டது. கதவைத் திறந்து வெளியே போனேன். தங்கச்சி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றது.

"பாஸு ஆத்தா."

அது கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டது. அப்புறம் கேட்டது.

"நடுவுல எந்திரிக்கப் பாத்தியாண்ணே?"

"ஆமா. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாக்காலி கிறீச்சுன்னுச்சு. அதான் தட்டுனேன்."

வருகிற வாரம் தேனியில் வேலைக்குச் சேர்கிறேன். ஜீப்பை என் தம்பி எடுத்துக்கொள்கிறான், பேச்சிகள் எல்லாரையும் பேர் சொல்லி அவனுக்குக் காட்டிக் கொடுத்தாகிவிட்டது. நீ பழக்கிய மூக்கு என்னோடு வருகிறது. அந்தக் கம்பெனியில் ஏசி போட்டுக் கதவு சாத்தியிருப்பார்கள், அங்கே இந்த மூக்குக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது மாப்ளே. நீ ஏன் எழுந்தாய் என்று இப்போது தெரியும். உன் இடத்தில் உட்கார்ந்தால் நானும் எழுகிறவன்தான், காலை ஊன்றிவிட்டேனே. நீயும் நானும் ஒரே மாதிரிதான் எழப் போனோம். அன்றைக்கு உன் நாற்காலி கிறீச்சிட்டபோது வெளியே கேட்க ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.